ஏழாம் எண்ணில் இருந்தவர்

ஜவ்வாது மலையில் மழை வருவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வாசனை வரும், அப்புறம் சத்தம் வரும், மழை கடைசியில்தான் வரும். வாசனை வந்ததும் உலை வைத்தால் சத்தம் வருவதற்குள் சாமைச்சோறு வெந்துவிடும். ஒரு வருஷம் வாசனையும் சத்தமும் வந்து சேர்ந்துவிட, மழை மட்டும் வழியில் எங்கேயோ தங்கிவிட்டது. இலுப்பைமரத்தூர்க்காரர்கள் மேளத்தோடு இறங்கிப் போய்த் தேடினார்கள். கலசப்பாக்கம் பக்கத்தில் ஒரு கரும்புக் கொல்லையில் அது படுத்திருந்ததைப் பார்த்து, கையோடு கூட்டிக்கொண்டு ஏறினார்கள். போனவர்கள் அத்தனை பேரும் நனைந்தபடி திரும்பியதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்த ஐப்பசியில் வாசனை வந்தபோது கோகிலவாணி சாமை விவசாயிகள் சங்கத்து ஆபீஸில், கவுண்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மழை வரப்போவது அவள் மூக்குக்குத் தெரிந்தது. திரைக்குத்தான் எதுவும் தெரியவில்லை. காலையிலிருந்து அது ஒரே வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது: டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை, மீண்டும் முயலவும். அவளும் மீண்டும் முயன்றுகொண்டுதான் இருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே களம். களம் முழுக்கச் சாமை மூட்டைகள். மூட்டைகளுக்கு மேல் சுற்றுப்பட்டு ஊர்களின் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். களத்துக்கு அந்தப் பக்கம் குடோன், கதவு பூட்டியிருந்தது. பூட்டின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு குடோன் பார்க்கிற வேடியப்பன்.

குடோனைத் திறந்து மூட்டைகளை உள்ளே தள்ள வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரன் கேட்பான். உள்ளூர்க்காரன் கேட்க மாட்டான். போன வருஷம் கையால் எழுதிய சீட்டில் மூட்டைகள் மாறிப்போய், இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே மூட்டையின் இரண்டு காதுகளையும் பிடித்து இழுத்தார்கள். மூட்டை கிழிந்து சாமை சிதறியதில், அந்த வருஷம் குருவிகள் பறக்க முடியாமல் நடந்தே கூட்டுக்குப் போயின. அதற்கப்புறம்தான் ஊருக்கு நாயம் சொல்கிற பெரியதனம் கோபால்சாமி எல்லா ஊர்க்காரர்களையும் அம்மன் கோயிலில் கூட்டினார். 'மிசினு சீட்டு இல்லாம ஒரு மூட்டையும் உள்ள போவக்கூடாது' என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் ஆயிற்று. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்தவன் வேடியப்பன். கற்பூரம் அணைந்ததே தவிர, அவன் பிடிவாதம் அன்றிலிருந்து எரிந்துகொண்டே இருக்கிறது.

டேட்டாபேஸைக் கேட்காமல் மெஷின் சீட்டு வராது. சீட்டு வராமல் கதவு திறக்காது. நடுவில் கோகிலவாணி.

"கோகிலா!" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாஞ்சாலை எட்டிப் பார்த்தாள். அவளுடைய மூட்டைகள்தான் முதலில் வந்தவை, வரிசையில் முதலில் நிற்பவை. "இன்னாடி ஆச்சு? சுத்திகினே கீதே அந்த வட்டம்?"

"பாத்துகினுதான் கீறேன் அத்தே."

"நீ பாக்கறே. மழ பாக்காது. நெனைஞ்சா சாமை கறுத்துப்பூடும், மாடுகூட மோந்து பாக்காது. சிங்காரம் லாரிக்குப் போட்டுட்டு வூட்டுக்குப் போறேன்னுதானே சொன்னேன்? என்னை நம்பி எடுத்துகினு வாங்கன்னு மூட்டை தூக்கறவரைக்கும் பேசினது யாரு?"

கோகிலவாணிதான் பேசினாள். ஒவ்வோர் ஊராக ஏறி இறங்கிப் பேசினாள். படவேட்டு வியாபாரி சிங்காரம் சொன்ன விலைக்கு வருஷா வருஷம் போட்டது போதும், இந்தத் தடவை மொத்தச் சாமையும் சங்கத்துக்கே வரட்டும் என்றாள். நம்பி வந்துவிட்டார்கள். இன்று மூட்டை நனைந்தால் சாமை போவது ஒரு பங்கு. அவள் வாக்கு போவது மூன்று பங்கு. அப்புறம் இந்த மலையில் அவள் 'நெருப்பு சுடும்' என்று சொன்னால்கூட ஜனங்கள் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள்.

காரியம் கெட்டது விடியற்காலையில். ஒரு குரங்கு டிரான்ஸ்பார்மர் மேல் ஏறி உட்கார்ந்தது. ஊரே அதிர்கிற மாதிரி ஒரு வெடிச் சத்தம். குரங்கு இறங்கிப் போய்ச் சுனையில் தண்ணீர் குடித்தது. செத்தது பியூஸ்தான். போகிற போக்கில் குரங்கு இன்டர்நெட் வயரைப் பிடித்துத் தொங்கியதில் அதுவும் அறுந்து விழுந்தது. மலைமேல் டவரும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. வேடியப்பன் மூங்கில் கழியால் பியூஸை மாட்டிவிட்டான். கரண்ட் வந்தது, வைஃபை பெட்டி கண் சிமிட்டியது, உள்ளறையில் டேட்டாபேஸை வயிற்றில் வைத்திருந்த பெரிய மெஷின் முக்கி முனகி எழுந்தது. எல்லாம் எழுந்தும், கவுண்டர் மெஷினுக்குப் பெரிய மெஷினைத் தெரியவில்லை.

அவள் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் நடந்து போய், அங்கே எட்டிக் கிடைக்கிற படவேட்டு டவர் வழியாக, சங்கத்துக்குச் சாப்ட்வேர் போட்டுக் கொடுத்த சிவசங்கரைப் பிடித்தாள். அவன் ஆற்காட்டில் ஒரு காதுகுத்து விருந்தில் இருந்தான். இலை போட்ட சத்தமும் சேர்ந்து கேட்டது.

"மேடம், ஒவ்வொரு மிசினுக்கும் கதவு நம்பர் மாதிரி ஒண்ணு கீதுங்க. பெரிய மிசினு நம்பர் ஏழு. கவுண்டர் எதுனா கேக்கணும்னா ஏழாம் நம்பர் கதவத்தான் தட்டும். நீங்க ஏழைக் கூப்ட்டுப் பாருங்க. பதில் வரலன்னா வயரு. பதில் வந்துச்சுன்னா வயரு நல்லா கீது, உள்ள டேட்டாபேஸ்தான் கெட்டுப்போச்சு. கை வெக்காதீங்க. திங்கக்கிழமை வர்றேன்."

"திங்கக்கிழமையா? மழை வருதுங்க!"

"பாயசம்... பாயசம் இங்க ஒரு கை" என்றான் அவன், வேறு யாரிடமோ. லைன் அறுந்தது. அதற்கப்புறம் கூப்பிட்டால் போனை அணைத்து வைத்திருந்தான்.

திரும்பி வந்து, கறுப்புத் திரையைத் திறந்து ஏழைக் கூப்பிட்டாள். ஏழு உடனே பதில் சொன்னது. கூப்பிடக் கூப்பிடப் பதில். வரி வரியாகத் திரையில் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்படியானால் வயர் நல்ல வயர். செத்தது டேட்டாபேஸ்.

"இன்னாம்மா, மிசினு முழிச்சிகிச்சா?"

களத்து ஓரத்தில் லாரி நின்றது. அதன் படியில் உட்கார்ந்து சிங்காரம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் அன்றைக்கு வந்தது 'சும்மா பாத்துட்டுப் போலாம்னு.' சும்மா பார்க்க வருகிறவர் காலி லாரியோடு வருவது அந்தப் பக்கத்து வழக்கம்.

"முழிச்சிக்கும் அண்ணே" என்றாள்.

"முழிக்கட்டும், முழிக்கட்டும். நான் இன்னா அவசரமா கீறேன்? மழைக்குத்தாம்மா அவசரம்."

களத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பில் உயிர் இல்லை. எல்லோர் கண்ணும் லாரியின் தார்ப்பாய் மேல் இருந்தது.

அவள் உள்ளறைக்குப் போனாள். பெரிய மெஷின் ஒரு பெஞ்சின் மேல் உறுமிக்கொண்டிருந்தது. அது வந்த நாளிலிருந்து அதற்குள் ஒரு பல்லி குடியிருக்கிறது. வெயில் காலத்தில் அது வெளியே வந்து வாலால் விசிறினால் மெஷின் சூடு தணியும் என்பது வேடியப்பனின் கருத்து. சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது. நிறுத்தி மறுபடி ஓட்டினாள். ஓடியது. கெட்டுப்போன டேட்டாபேஸ் இப்படி ஒழுங்காக ஓடுமா என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், பின்பக்கம் குனிந்து, நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். துடைத்து மாட்டிப் பார்க்கலாம் என்றுதான்.

வயரைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு நகர்ந்தவள், தற்செயலாகக் கவுண்டர் திரையைப் பார்த்தாள்.

ஏழு இன்னமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

வயர் அவள் கையில். மெஷினுக்கும் உலகத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் 'ஏழிலிருந்து பதில்', 'ஏழிலிருந்து பதில்' என்று வரி மேல் வரி இறங்கியது.

"வேடியப்பண்ணா! இங்க கொஞ்சம் வா."

வேடியப்பன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான். வயரைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். இரண்டடி பின்னால் போனான்.

"தா, இது வேற எதுவோ பேசுது. எங்க பெரியப்பன் செத்து மூணாம் நாளு கூப்ட்டா இப்டித்தான் 'ஆங்' னுச்சி. போயி பாத்தா மரம். துண்ணூறு கொண்டாரட்டா?"

"துண்ணூறு வாணாம். வாய மூடிகினு நில்லு."

அவளுக்கு மூச்சு வந்தது. பெரிய மெஷின் ஏழு இல்லை என்றால், அது எத்தனை? வயரை மாட்டி, மெஷினிடமே அதன் எண்ணைக் கேட்டாள். இருபத்து மூன்று என்றது. அப்போது ஏழு யார்? எண்களைப் பங்கு போட்டுக் கொடுப்பது வைஃபை பெட்டி. கரண்ட் வந்தவுடன் பெட்டி விழித்தது. பெரிய மெஷின் எழுந்திருக்க ஒரு யுகம் ஆகும். அதற்குள் யாரோ முந்திக்கொண்டு போய் ஏழாம் எண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். கவுண்டர் பாவம், வேறு யாருடைய கதவையோ தட்டி, 'பாஞ்சாலை சாமை எத்தனை மூட்டை?' என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது.

யார் முந்தியது என்பதற்கு அவள் ஜன்னலைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. களத்தில் ஆளுக்கொரு போன், போனுக்கொரு எண்.

இந்த மலையில் வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் பேச்சு ஆரம்பிப்பதில்லை. பகையாளி வந்தாலும் சொம்பு முன்னால் போகும், சண்டை பின்னால் வரும். சங்கத்துக்கு வைஃபை வந்த நாளிலிருந்து தண்ணீரோடு பாஸ்வேர்டும் சேர்ந்துகொண்டது. கேட்டவருக்கு இல்லை என்று சொன்னால் அது வாசலுக்கு அவமானம். அன்று காலையில் வந்தவர்களுக்கெல்லாம் சொம்பைக் கொடுத்து, பாஸ்வேர்டைச் சொன்னது அவளேதான்.

பெரிய மெஷினுக்குக் கையாலேயே ஏழு என்று எழுதிப் பார்த்தாள். 'இந்த எண் வேறொருவரிடம் இருக்கிறது' என்று அது மறுத்துவிட்டது. வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டாள். களத்துப் போன்கள் ஈசல் மாதிரி முதலில் போய் ஒட்டின. ஏழு மறுபடி பழைய இடத்திலேயே பதில் சொன்னது. கவுண்டரில் ஏழை அழித்து இருபத்து மூன்று என்று மாற்றலாம் என்றால், அந்த இடத்துக்குப் பூட்டு. சாவி ஆற்காட்டில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தது.

மேற்கே வானம் அடுப்புக் கரி மாதிரி ஆகிவிட்டது.

எல்லோரையும் போனை அணைக்கச் சொல்லலாம். ஜனங்கள் அணைத்துவிடுவார்கள். சிங்காரம் அணைக்க மாட்டார். அவர் 'ஏன்?' என்று கேட்பார். ஏன் என்று கேட்காமல் அவர் ஒரு புளியங்கொட்டைகூட வாங்கியதில்லை. பதில் தெரிந்துவிட்டால், அந்தப் போனை மழை முடிகிறவரைக்கும் மடியிலேயே கட்டி வைத்துக்கொள்வார். அது அவர் போன்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

"அத்தே" என்று ஜன்னலுக்குப் போனாள். "மில்லுக்குப் பின்னாடி கூழு ஊத்தி வெச்சிகீது. அல்லாரையும் இட்டுகினு போ."

"கூழா? வவுறு எரியுதுடி எனுக்கு. கூழு ஊத்தி அணைக்கப் போறியா?"

"உன் கால்ல விழறேன். இட்டுகினு போ."

பாஞ்சாலை அவள் முகத்தைப் பார்த்தாள். எதையோ படித்தாற்போல் தலையைத் திருப்பி, "ஏய், வாங்கடா எல்லாம்! மழைல நெனையறதுன்னாலும் வவுறு ரொம்பி நெனைங்க!" என்று கத்தினாள்.

களத்தை ஒட்டிய சங்கத்துச் சாமை மில்லுக்குப் பின்னால் வைஃபை எட்டாது. ஜனங்கள் ஒவ்வொருவராகச் சுவரைத் தாண்டிப் போனார்கள். கோகிலவாணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாணிக்கம்மாள் போனாள்; ஏழிலிருந்து பதில். இளவட்டங்கள் போனார்கள், பதில். போனே இல்லாத கோபால்சாமியும் போய்விட்டார், பதில். வேடியப்பனின் போனை வாங்கி அவளே அணைத்தாள், பதில்.

களத்தில் மூட்டைகளும் சிங்காரமும் மட்டும் இருந்தார்கள்.

"அண்ணே, கூழு குடிக்கப் போவல?"

"வெத்தல போட்டுட்டேம்மா" என்றார் சிங்காரம். சட்டைப் பை லேசாகத் துருத்திக்கொண்டு இருந்தது. சங்கத்துச் சாமைக் கணக்கு முழுவதும் அந்தப் பைக்குள் இருக்கிற போனிடம்தான் காலையிலிருந்து கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் போனும் அது தனக்குத் தெரியாது என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

அவர் அந்தப் படியிலிருந்து எழுந்து, வைஃபை எட்டாத தூரத்துக்குத் தானாக நடக்க வேண்டும். எதற்கு நடப்பார்? அவர் ஆசை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நடப்பார். அவருடைய ஆசையோ இந்தக் களத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

கூழ் குடித்தவர்கள் திரும்பி வரத் தொடங்கும்போது அவள் களத்தில் இறங்கினாள். பெரியதனம் வருகிறவரைக்கும் காத்திருந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"அண்ணே, மழ இந்தக் களத்துல எறங்கறதுக்குள்ள சீட்டு வரலன்னா, இங்க கீற சாமை அத்தினியும் உங்க லாரிக்குத்தான்."

களம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு கோழிகூடக் கிளறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"அடிப்பாவி" என்றாள் பாஞ்சாலை. "உங்கப்பன் வூட்டு சாமையா அது?"

கோபால்சாமி வாயைத் துடைத்தார். "கோகிலா, தெரிஞ்சிதான் பேசறியா?"

"தெரிஞ்சிதான் மாமா. மண்ணுக்குப் போறதுக்கு மனுசனுக்குப் போவட்டும்."

பெரியவர் மேற்கே பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். "அது நாயம்தான்" என்றார். களத்தில் யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள்.

சிங்காரம் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார். "நான் ஒண்ணியும் கேக்கல. அவங்களாத்தான் சொல்றாங்க. அல்லாருமே சாட்சி."

"ஒரு லாரி போதாதுங்களே அண்ணே" என்றாள் கோகிலவாணி.

அவர் கண் மூட்டைகளின் மேல் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. "ஆமா... போதாது."

"இன்னொண்ணு இப்ப கெளம்பினாத்தான் செக்போஸ்ட் மூடறதுக்குள்ள தாண்டி ஏறும்."

சிங்காரம் போனை எடுத்தார். அழுத்தினார். காதில் வைத்தார். திரையைப் பார்த்து முறைத்தார். "இன்னாம்மா இது, கோடு மட்டும் ரொம்பக் கீது, ஒண்ணியும் போவலியே?"

"வெளிய போற வயரு அறுந்துபோச்சிண்ணே. வளைவுல உங்க ஊரு டவரே எடுக்கும். நானே அங்க போய்த்தான் பேசினேன்."

அது உண்மை. உண்மையைச் சொல்லும்போது இவ்வளவு வியர்க்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

சிங்காரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். அவர் நடை பிரசித்தமான நடை. படவேட்டுத் தேருக்கு முன்னால் அவர் நடந்தால் தேர் அலுத்துப்போய் வேறு தெருவில் திரும்பிவிடும். கோகிலவாணி உள்ளே ஓடித் திரை முன்னால் நின்றாள். ஏழிலிருந்து பதில். பதில். பதில். ஜன்னலில் அவர் முதுகு தெரிந்தது. புளியமரத்தடியில் நின்றார். யாரிடமோ தீப்பெட்டி கேட்டார். பீடி பற்றவில்லை, காற்று. இன்னொரு குச்சி. பதில். பதில். "நடங்கண்ணே" என்று அவள் பல்லைக் கடித்தாள். பற்றியது. நடந்தார். பாறையைத் தாண்டினார்.

பதில். பதில் இல்லை. பதில். அவள் நகத்தைக் கடித்தாள். பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை.

உள்ளறைக்குப் பாய்ந்தாள். பெரிய மெஷினில் ஏழு என்று எழுதி அழுத்தினாள். மெஷின் யோசித்தது. அந்த மெஷின் யோசிப்பதைப் பார்த்தால், பிறந்தநாள் தொடங்கித் தன் வாழ்க்கை முழுவதையும் ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும் போலிருக்கும். வெளியே திடும் திடும் என்று சத்தம். எட்டிப் பார்த்தாள். கோபால்சாமி சொல்லிவிட்டார் போல. ஜனங்கள் மூட்டைகளை லாரியில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். பிணத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்கள். பாஞ்சாலை மட்டும் தன் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள்.

அப்போதுதான் சத்தம் வந்தது. மேற்குக் காட்டில் இலைகளின் மேல் மழை நடந்து வருகிற சத்தம்.

மெஷின் ஏழை ஏற்றுக்கொண்டது.

கவுண்டருக்கு ஓடினாள். 'மீண்டும் முயலவும்' என்பதை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை.

"இல்ல" என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல். மறுபடி அழுத்தினாள். முடியவில்லை. ஏழும் வந்தாயிற்று, ஏழில் உட்கார வேண்டியவரும் உட்கார்ந்தாயிற்று, இன்னும் என்ன? உள்ளே ஓடினாள். பெரிய மெஷின் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றுகொண்டிருந்தது. எண் மாறியதால் அதற்குப் புதிய ஊருக்கு வந்த மாதிரி பயம். இங்கே இருக்கிறவர்களை நம்பலாமா, கதவைத் திறக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கைகட்டி நின்றது.

"நம்பு, சனியனே!" என்று அழுத்தினாள்.

திரும்பி ஓடி வந்து அழுத்தியபோது வட்டம் சுற்றவே இல்லை. பெயர்கள் வந்தன. ஊர் ஊராக, கொல்லை கொல்லையாக, சாமை விதைத்தவர்களின் பெயர்கள் திரையை நிறைத்தன. அவள் முதல் பெயரைத் தொட்டாள். பிரிண்டர் தொண்டையைக் கனைத்தது, காகிதத்தை இழுத்தது, பாதியில் நின்றது, ஏதோ நினைத்துக்கொண்டு மீதியையும் தள்ளியது.

ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவள் கத்தினாள்: "சீட்டு! பாஞ்சாலை சீட்டு!"

வேடியப்பன் நடந்துதான் வந்தான். சீட்டை வாங்கி, எழுத்தைப் பார்த்து, சங்கத்து முத்திரையைப் பார்த்து, பின்பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். உள்ளங்கையை விரித்து நீட்டினான். களம் முழுக்க அந்த உள்ளங்கையைப் பார்த்தது. துளி இல்லை. அவன் போய்ப் பூட்டைத் திறந்தான்.

பாஞ்சாலை மூட்டையிலிருந்து குதித்த குதியில் முட்டி பெயர்ந்திருக்க வேண்டும். பெயரவில்லை, அதற்கு அவளுக்கு நேரமில்லை. மூட்டையைத் தானே முதுகில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

சிங்காரம் ஓடி வந்தார். அவர் ஓடியதை மலை அன்றுதான் முதல்முறை பார்த்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது. களம் காய்ந்து கிடந்தது.

"மழ வந்துச்சி! மொதல்ல மழதான் வந்துச்சி! தோ பாருங்க என்னை! சாமை என்னுது!"

"சீட்டுதான் மொதல்ல" என்றான் வேடியப்பன்.

"வளைவுல கொட்டுதுயா! நீ கதவு தெறக்கறதுக்கு முந்தியே கொட்டுச்சி! பெரியதனம், நாயம் சொல்லுங்க. லாரில ஏறின மூட்டையாச்சும் என்னுது."

கோபால்சாமி அவரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஈரச் சட்டையை இரண்டு விரலால் பிடித்துப் பிழிந்தார். கீழே சொட்டிய தண்ணீரைப் பார்த்தார்.

"மழதான்" என்றார். "இல்லன்னு சொல்லல. ஆனா பேசினது இந்தக் களத்துல எறங்கற மழ. இது உம்மேல பெஞ்ச மழ சிங்காரம். அது உன்னுது, நீயே வெச்சிக்க. மூட்டை மேல பெய்யல."

சிங்காரம் வாயைத் திறந்தார். அதே சமயம் களத்திலும் முதல் துளி விழுந்தது, வேடியப்பனின் மண்டையில், எல்லோருக்கும் கேட்கும்படி. அதை எடுத்துக்காட்ட அவர் கை தூக்கினார். எடுத்துக்காட்டி இனிப் பயனில்லை என்று புரிந்து கையை இறக்கிக்கொண்டார்.

"சத்தியம் சத்தியம்தான்" என்று வேடியப்பன் கதவை மறித்து நின்றான். "சீட்டோட வர்றது மட்டும் உள்ள."

பிரிண்டருக்கு அவசரம் தெரியாது. ஒவ்வொரு சீட்டையும் அது பெற்றெடுத்தது. களத்தில் மிஞ்சியிருந்த மூட்டைகளை ஜனங்கள் வாரி லாரியிலேயே ஏற்றினார்கள். அதற்குத்தான் தார்ப்பாய் இருந்தது. கோகிலவாணி ஜன்னலில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட, லாரியிலிருந்து ஒரு மூட்டை இறங்க, சீட்டைக் கடித்துக்கொண்டு ஓர் ஆள் ஓட, மழை அவன் முதுகில் மட்டும் அடித்தது. மழை அவளைக் கேட்காமல் வலுத்தது. அவள் குரலும் வலுத்தது.

தார்ப்பாயின் ஒரு மூலை காற்றில் படபடத்துத் திறந்துகொண்டது. சிங்காரம் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாசியில் புளி வாங்க இதே ஜனங்களிடம்தான் வர வேண்டும் என்று நினைத்தாரோ, நனைந்த ஆள் நனைகிற சாமையைப் பார்க்க முடியாது என்று நினைத்தாரோ, அவருக்கே தெரியாது. போய் அந்த மூலையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

பிடித்தபடியே ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். "ஏம்மா! காலைலேர்ந்து வேல செய்யாத மிசினு நான் அந்தாண்ட போனதும் எப்டி வேல செஞ்சிது? இன்னாதான் ஆச்சு அதுக்கு?"

கோகிலவாணி அவரைப் பார்த்தாள். நனைந்த சட்டைப் பையைப் பார்த்தாள்.

"ஆள் மாத்தி பேசிகினு கீந்துச்சிண்ணே. இப்ப சரியாப் போச்சி."

"எந்த ஆளு?"

பிரிண்டர் அடுத்த சீட்டைத் தள்ளியது. அவள் அதை மழைக்குள் நீட்டி, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"மாணிக்கம்மாள்!"